சொந்தக்காரர் கையெழுத்து

ஆயர் ஈத்தாம், பினாங்கு
12 ஜனவரி 1987

அன்புள்ள தம்பி தியாகுவுக்கு,

அக்கா வள்ளிநாயகி எழுதுவது. நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை நாளில் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அருந்ததியும் மகளும் சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ எழுதினால்தானே தெரியும்.

வருடா வருடம் ஜனவரியில் கேட்பதை இப்போதும் கேட்டுவிடுகிறேன். உன் மோரிஸ் மைனருக்கு ரோட் டாக்ஸ் கட்டவா, வேண்டாமா? நீ மெல்பர்ன் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. "ரெண்டே வருஷம்தான் அக்கா, வண்டிய பாத்துக்குங்க" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாய். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை "கட்டுங்கள்" என்று ஒரு வரி எழுதுகிறாய். அந்த ஒரு வரிக்காக நான் இரண்டு பக்கம் எழுதுகிறேன்.

இந்த முறை ஒரு வரியில் தப்ப முடியாது. பழைய கார் சங்கத்துச் செயலாளர் பழனியப்பன் என்பவர் வந்து கொட்டகையில் நிற்கும் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முப்பது வயது தாண்டிய வண்டிகளைத் தனிப் பிரிவில் பதியப்போகிறார்களாம். அப்படிப் பதிந்தால் பழைய எண்ணும் பழைய தகடும் அப்படியே இருக்கலாம். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து எழும்பி நிற்குமே, பி 4173, அதைக் கழற்ற வேண்டாம். செப்டம்பர் முடிவதற்குள் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதியாவிட்டால் அடுத்த வருடம் ரோட் டாக்ஸ் தரமாட்டார்கள். எண்ணை அடித்துவிடுவார்கள். வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இன்னொன்று. கிராண்ட் என்கிறோமே, அந்தப் பதிவு அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வண்டியோடு நேரில் வந்து நிற்க வேண்டும். அதில் இருப்பது உன் பெயர். சட்டம் அப்படி இருந்தால் நான் என்ன செய்ய? நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்துவிட்டுப் போ. உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா
வள்ளிநாயகி


மெல்பர்ன்
21 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் மூவரும் நலம். முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள், தைலத்தோடு விட்டுவிடாதீர்கள்.

ரோட் டாக்ஸ் கட்டுங்கள்.

செப்டம்பரில் வருவது கஷ்டம். அலுவலகத்தில் மேலாளர் மாறியிருக்கிறார், லீவு கேட்க முடியாத நேரம். மகளுக்கு வருடக் கடைசியில் பெரிய பரீட்சை. அருந்ததிக்கு இடுப்பு வலி, பாரம் தூக்கக் கூடாது என்கிறார்கள். ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. அந்த வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமே? உங்களுக்கு ஓட்டவும் தெரியாது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரும்புதானே அக்கா.

மகள் சுபாவிடமும் அருந்ததியிடமும் நீங்கள் விசாரித்ததாகச் சொல்கிறேன்.
தம்பி
தியாகராஜா


ஆயர் ஈத்தாம்
10 மார்ச் 1987

அன்புள்ள தியாகு,

எல்லோரும் சுகம் என்று படித்துச் சந்தோஷம். அருந்ததியை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கச் சொல்.

இரும்புதானே என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு நாலு நாள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வண்டியின் காதில் விழுந்திருக்குமோ என்று எனக்கு வெட்கம்.

ஓட்டத் தெரியாதவள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்து, சோக்கை இழுத்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவேன். பக்கத்து வீட்டு ஹாஜரா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்து தண்ணீர் கொதிக்க வைப்பாள். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தேன். பென்ஷன் வாங்கிய பிறகு இந்த வீட்டில் அந்தப் பத்து நிமிடம்தான் சத்தம். மற்ற நேரம் ஐஸ்பெட்டி உறுமும். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பசார் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் சின்னையா வந்து பார்த்தார். எஞ்சின் நன்றாக இருக்கிறதாம். திரும்பும்போது இரு பக்கமும் வெளியே நீளுமே சின்னக் கை, அதில் இடது பக்கம் அசையவில்லை. "இடது கை செத்துப் போச்சுக்கா, இப்படியே கொண்டுபோனா தூக்கிப் போட்டுருவான் லா" என்றார். சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் முடியாவிட்டால் ஆகஸ்டில் வா, முன்கூட்டியே காட்டிவிடலாம். ஜூலையானாலும் சரி. சொந்தக்காரர் வராமல் ஆகாது.

ஆசிகளுடன்
அக்கா


ஆயர் ஈத்தாம்
2 மே 1987

அன்புள்ள தியாகு,

சுகம்தானே? போன கடிதம் கிடைத்ததா?

இடது கை இப்போது வேலை செய்கிறது. நம்பர் பிளேட்டை நான் பிராஸோ பாலிஷ் போட்டுப் பளபள என்று துடைத்துவிட்டேன். சின்னையா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பழைய தகடு பழையதாகத் தெரிய வேண்டுமாம், புதிது போலத் தெரிந்தால் சந்தேகப்படுவார்களாம். மனுஷருக்கும் அந்த மரியாதை கிடைத்தால் நன்றாக இருக்கும்.

நாலு வரி வேண்டாம். என்றைக்கு வருகிறாய் என்று தேதியை மட்டும் எழுது.

அக்கா


மெல்பர்ன்
28 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அருந்ததிக்கு இப்போது பரவாயில்லை, எண்ணெய்க் குளியலில் வலி குறைந்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ஒரு நல்ல செய்தி. என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த கார்த்திகேசுவை நினைவிருக்கும். அவனுக்கு எழுதிக் கேட்டேன். அவன் கார் ஆபீசுக்கே போய் விசாரித்திருக்கிறான். சொந்தக்காரர் நேரில் வரத் தேவையே இல்லையாம். உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். உரிமை மாற்றப் பாரம் ஒன்றையும் அனுப்பியிருந்தான். அதில் கையெழுத்துப் போட்டு, இங்கே ஒரு வக்கீலிடம் முத்திரையும் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் நீங்களே பதிந்துகொள்ளலாம்.

வருடா வருடம் என்னைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும் தொந்தரவும் இனி உங்களுக்கு இல்லை.

அன்புடன்
தம்பி தியாகராஜா


ஆயர் ஈத்தாம்
6 ஆகஸ்ட் 1987

அன்புள்ள தியாகு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ அனுப்பிய பாரத்தை ஜூன் கடைசியில் கார் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அங்கே நோர்மா என்று ஒரு பெண், நல்ல மாதிரி. பாரத்தைப் பார்த்தாள், உள்ளே போய் உன் கோப்பை எடுத்து வந்தாள், மறுபடி பார்த்தாள். "ஆன்ட்டி, இது சொந்தக்காரர் கையெழுத்து இல்லையே" என்றாள்.

கோப்பில் இருந்த ரோட் டாக்ஸ் பாரங்களை மேசையில் விரித்தாள். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, அச்சடித்த மாதிரி. உன்னுடையது மட்டும் அவற்றோடு சேரவில்லை.

தியாகு, அவை எல்லாம் என் கை. நீ போன மறுவருடம் பாரத்தை உனக்கு அனுப்பினேன். கடைசி நாள் வரை திரும்பி வரவில்லை. உன் பழைய கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு தடவை எழுதிப் பழகி நானே போட்டேன். அடுத்த வருடம் பழக வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் உன்னைக் கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆனாலும் ஜனவரி ஜனவரி கட்டவா, வேண்டாமா என்று கேட்டேன். கேட்காவிட்டால் நீ அந்த ஒரு வரியும் எழுதமாட்டாய்.

நோர்மாவிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் என்று போய்விடுமோ என்று பயந்தேன். தம்பிக்கு வயதாகிவிட்டது, கை மாறிப்போய்விட்டது என்றேன். அவள் பாவம், நம்பினாள். பழைய மாதிரியே ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், இல்லாவிட்டால் அவரையே ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்றாள்.

எனக்கு யாரும் தப்பாகச் சொல்லவில்லை. சொந்தக்காரர் நேரில் வர வேண்டும் என்பது நானே கட்டிய கதை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அறுபத்துநாலு வயதில் அதை அப்படியே எழுத வெட்கமாக இருந்தது, வண்டியை முன்னால் தள்ளினேன். இப்போது வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை. பரிசோதனை செப்டம்பர் 26, சனிக்கிழமை. வருகிறாயா?

உன் அக்கா


மெல்பர்ன்
1 செப்டம்பர் 1987

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அருந்ததிக்குக் காட்டவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறேன். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் கையெழுத்து செல்லாது, உங்களுடையதுதான் செல்லும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஜனவரிக் கடிதங்களைப் பற்றி எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் ஒன்றை மறைத்தேன். எண்பத்துநாலு டிசம்பரில் அருந்ததியின் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் வந்தோம். ஐந்து நாள் இருந்தோம். காலையில் பஸ் ஏறினால் மாலையில் உங்கள் வாசலில் நின்றிருப்பேன். ஏறவில்லை. ஒரு நாள் பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன்.

வந்தால் நீங்கள் வண்டியைக் கழுவி வைத்திருப்பீர்கள். சாவியை என் கையில் தருவீர்கள். நான் "இல்லை அக்கா, போகிறேன்" என்று இரண்டாம் தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியும். எனக்குப் பயம்.

இந்த முறையும் நான் வரவில்லை. காரணம் தேடினால் கிடைக்கும், தேடவில்லை. கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆபீசுக்குத் தெரிந்த தியாகராஜா நீங்கள்தானே.

மன்னித்துக்கொள்ளுங்கள்.
தியாகு


ஆயர் ஈத்தாம்
13 செப்டம்பர் 1987

அன்புள்ள தியாகு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

கோலாலம்பூர் விஷயம் எனக்கு அந்த வாரமே தெரியும். மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு சேலைக் கடையில் உங்கள் மூன்று பேரையும் கார்த்திகேசுவின் மனைவி பார்த்திருக்கிறாள். கோயிலில் என்னைக் கண்டு, "தம்பி வந்திருக்காங்க போல, பினாங்குக்கு எப்ப வராங்க?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெரியுமே, எழுதியிருந்தான், வேலை அதிகமாம் என்று சமாளித்தேன். மூன்று நாள் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். பால்காரர், தபால்காரர், ஒரு தடவை ஆடு. ஜனவரி பிறந்ததும் வழக்கம்போல் ரோட் டாக்ஸ் கட்டவா என்று எழுதினேன். நீயும் வழக்கம்போல் கட்டுங்கள் என்று எழுதினாய்.

பயம் என்று எழுதியிருக்கிறாய். பாதி உண்மையாக இருக்கும். மீதிப் பாதி சோம்பல், உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பஸ் நிலையம் வரை வந்தாயே, அது போதும் என்று வைத்துக்கொள்கிறேன். போதவில்லை, சும்மா சொல்கிறேன்.

கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன். மழைக்காலம் வருகிறது, கொட்டகைத் தகரம் ஒழுகுகிறது.

அக்கா


ஆயர் ஈத்தாம்
29 செப்டம்பர் 1987

அன்புள்ள தியாகு,

எல்லோரும் நலமா? காரியம் முடிந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனேன். புதுப் பாரத்தில் விற்பவர் என்ற இடத்தில் உன் கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனேன். வாங்குபவர் என்ற இடத்தில் என்னுடையதை நோர்மாவின் முன்னால் போட்டேன். அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். "ஆ, இதுதான் அவர் கையெழுத்து" என்று முத்திரை குத்தினாள். தம்பி வந்தாரா என்று கேட்டாள். வந்தான், நாலு நாள் இருந்தான், மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன், நேற்றுத்தான் பிளேன் ஏறினான் என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது, பார். சொல்லி முடித்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். உன்னைப் பிரிந்த துக்கம் என்று நினைத்து அவள் டிஷ்யூ கொடுத்தாள். தப்பாகவும் நினைக்கவில்லை.

மறுநாள் சின்னையா ஓட்ட, பாலத்தில் ஏறி அக்கரையில் இருக்கும் பிறை ஊருக்குப் போனோம். பரிசோதனை அங்கேதான். நீ போகும்போது பாலம் கிடையாது, பெர்ரிதான். லாரிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போக, நடுவில் நம் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு போனது. அதிகாரி சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார், இரண்டும் நீண்டன. தகட்டைத் தொட்டுப் பார்த்து, அசல்தான் என்று எழுதினார். பி 4173 பிழைத்தது. கிராண்டில் இப்போது என் பெயர்.

திரும்பும்போது சின்னையா கேட்டார்: "இனிமே ஒங்க வண்டி லா, அக்கா. எங்க போலாம், சொல்லுங்க."

எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தேன், ஒரு இடமும் தோன்றவில்லை. வீட்டுக்கே விடச் சொன்னேன்.

நீ சொன்ன மாதிரி தொந்தரவு தீர்ந்தது.

அக்கா


ஆயர் ஈத்தாம்
9 பிப்ரவரி 1988

அன்புள்ள தியாகு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டேன். படி ஏறவில்லை, முழங்கால் விடவில்லை. கீழே நின்றே கேட்டேன்.

தீபாவளி வாழ்த்து அட்டை வந்தது. அருந்ததி கையெழுத்து அழகாக இருக்கிறது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. நீ எழுதாததற்குக் குறை சொல்லவில்லை, நானும்தான் கேட்கவில்லை.

ஜனவரி பிறந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன், பழக்கம். உனக்கு எழுத ஒன்றுமே இல்லை. ரோட் டாக்ஸை என் பெயரில், என் கையெழுத்தில், ஒருவரையும் கேட்காமல் கட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் பசாரில் ஒரு காப்பி குடித்தேன். காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு இந்த மாதிரி எத்தனை ஜனவரி இருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

நேற்று நோர்மாவிடம் போய், வண்டியைத் திரும்பத் தம்பி பெயருக்கே மாற்ற முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆன்ட்டி, மாத்தி நாலு மாசம்தானே ஆச்சு?" என்றாள். பிறகு மாற்றலாம், பழைய எண் பழைய பிரிவிலேயே இருக்கும், ஒன்றும் போகாது என்று சொல்லிப் பாரம் கொடுத்தாள்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். விற்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டாயிற்று. வாங்குபவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. அங்கே நான் போடமாட்டேன், நீதான் போட வேண்டும். எப்படி வேண்டுமானாலும் போடு, வாங்குகிறவர் கையெழுத்தை அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லையாம்.

ஆனால் சீக்கிரம் அனுப்பிவிடாதே, தியாகு. மூன்று நாலு தடவை நான் எழுதிக் கேட்கும்படி வை. மார்ச்சில் ஒரு தடவை கேட்கிறேன். இன்னும் நேரம் கிடைக்கவில்லை அக்கா என்று ஒரு வரி எழுது.

உன் பதிலுக்காக
அக்கா
வள்ளிநாயகி